பின்மூலையில் மூணு நீலம்

— கிட்ட வராதீங்க மதினி, கை வச்சிராதீங்க. இன்னம் காயல்ல.

— நான் எங்க புள்ள கை வச்ச? மூக்கத்தான் வச்ச. என்ன மணம் இது, ஒழுங்கை முனையிலயே தலையச் சுத்துது. தம்பி கொழும்பால வரப்போறான், பொஞ்சாதி என்ன ஆக்கிறா எண்டு பாப்பம் எண்டு வந்தா, நீ காருக்குப் பின்னால குந்திக்கு இரிக்காய்.

— ஆக்கல்ல, பூசிறன். உங்கட தலையில என்ன, எண்ணெயா?

— ஓம், தேங்காண்ணெய் வச்சித்தான் வந்த. அதுக்கென்ன?

— அப்ப அந்தக் கதிரைய இழுத்துப் போட்டு வாசல் பக்கமா இரிங்க. இந்தப் பெயின்றுக்கு எண்ணெயக் கண்டா ஆகாது. எண்ணெய்க் கை பட்ட இடத்துல ஒட்டாது, மீன் கண்ணு மாதிரி குழி குழியா விலகிக்கு நிக்கும். காலையில இருந்து நான் தலையில எண்ணெய் வைக்காம முடிய இறுக்கிக் கட்டி, கைய சவுக்காரம் போட்டுக் கழுவிக் கழுவி, கை தோல் உரிஞ்சி போச்சி.

— என்ட அல்லா. எங்கட வாப்பாட காரு இது. இந்தக் காருல ஏறித்தான் நான் ஓதப்பள்ளிக்குப் போன. இப்ப என்னையே எட்டி நிண்டு பாக்கச் சொல்றாய். சரி, சொல்லு, அந்த மூலைக்கு என்ன நடந்த?

— ஒண்டும் நடக்கல்ல.

— ஒண்டும் நடக்காத மூலைக்கு ஆரும் பேப்பர் ஒட்டிப் பெயின்ற் அடிக்கிறயா புள்ள? மெய்யச் சொல்லு.

— உங்கட தம்பிக்கிட்ட சொல்லமாட்டன் எண்டு முதல்ல சொல்லுங்க.

— அவன்ட விசயத்த உன்னட்ட சொல்லாம விட்டிருக்கன், உன்ட விசயத்த அவனிட்ட சொல்லாம விட்டிருக்கன். ரெண்டு பேர்ட மூட்டையும் என்னட்டத்தான் கிடக்கு. இன்னொரு மூட்டைக்கு இடமிரிக்கு, போடு.

— வெள்ளிக்கிழமை இடிச்சிட்டன் மதினி.

— ஆரு, நீயா? நீ எங்க கார் ஓடின?

— ஓடுறன். நோன்புப் பெருநாள்ல இருந்து ஓடுறன். வெள்ளிக்கு வெள்ளி, ஜும்மாவுக்கு ஆம்புளைகள் பள்ளிக்குப் போன பொறகு. பாங்கு சொல்லி முடிஞ்சா ஊர்ல ஒரு ஆம்புள கண்ணுல படமாட்டானே. கடை பூட்டு, ஓட்டோ இல்ல, சந்தியில நிண்டு விடுப்புப் பாக்க ஒரு பெடியன் இல்ல. அவர் தொப்பியப் போட்டுக்கு பைக்க எடுத்துக்கு போவார். அவர்ட பைக் சத்தம் ஒழுங்கை தாண்டினா நான் கார்த் திறப்ப எடுத்துருவன். குத்பாப் பிரசங்கம் முடியிறதுக்குள்ள ஒரு சுத்து. வந்து ஈரத்துணிய பொனெற்றுல போட்டு சூட்ட எடுத்துட்டு, சோத்தப் போட்டு வச்சிக்கு நல்ல புள்ளையா நிப்பன்.

— சுப்ஹானல்லாஹ். எந்தப் பக்கத்தால போற? கடற்கரை ரோட்டால ஏறி மையவாடிக்குப் பக்கத்தால திரும்பி வாறயா?

— ஓம். உங்களுக்கு எப்பிடித் தெரியும்?

— சும்மா, ஒரு ஊகந்தான். மையத்து அடக்குற பக்கம், அந்த நேரம் ஆளில்லையே. நீ சொல்லு. ஆர் உனக்குப் பழக்கின?

— வாப்பாட ட்ரக்டர நற்பிட்டிமுனை வயலுக்குள்ள ஓடின ஆள் நான். நெல்லுச் சூடடிக்கிற காலத்துல வாப்பா என்னத்தான் ஏத்திவிடுவார். வரம்புல ஏத்தாம ட்ரக்டர் திருப்பத் தெரிஞ்சவளுக்கு இந்தத் தகரப்பெட்டி பெரிய விசயமா? ஆனா அவரிட்ட இதச் சொல்ல ஏலுமா? சொன்னா, ட்ரக்டர் வேற, கார் வேற எண்டு அரை மணித்தியாலம் பயான் பண்ணுவார்.

— அது சரி, ஏன் உனக்கு இந்த ஆக்கினை? போற இடத்துக்கு அவன் கூட்டிக்கு போறான்தானே.

— போன மழைக்குள்ள என்ட புள்ள அம்ஹாவுக்கு இழுப்பு வந்த நாள் உங்களுக்கு நினைவிருக்கா?

— ஏன் நினைவில்ல. நான்தானே ஆசுபத்திரியில பக்கத்துல நிண்ட.

— நீங்க ஆசுபத்திரியில கண்டது பொறகு. அதுக்கு முந்தி இந்த போட்டிகோவுல நான் நிண்டத ஆரும் காணல்ல. அவர் தறிக்கு நூல் எடுக்க கொழும்புக்குப் போயிருந்தார். புள்ளைக்கு மூச்சு மேல ஏறுது, கீழ இறங்குதில்ல. மழை கொட்டுது. போன் எடுத்த ஓட்டோக்காரன் எல்லாரும் ரோட்டுல தண்ணி, வர ஏலா எண்டாங்க. கார் இந்தா இஞ்ச நிண்டுது மதினி. திறப்பு ஆணியில தொங்குது. புள்ள தோள்ல. நான் காரப் பாத்துக்கு நிக்கிறன். ஓடத் தெரிஞ்சும் எடுக்கப் பயம். லைசன் இல்ல, அவர்ட கார், கீறல் விழுந்தா என்ன சொல்வார் எண்டு யோசிக்கிறன். புள்ளைக்கு மூச்சு வரல்ல, நான் கீறலப் பத்தி யோசிச்சிக்கு நிண்டன். அண்டைக்கு எனக்கு என்மேலயே வெறுப்பு வந்திச்சி. கடைசியா முன்வீட்டு றிம்சான் வந்து பைக்குல ஏத்திக்கு போனான்.

— இத நீ எனக்குச் சொல்லவே இல்லையே.

— ஆருக்குச் சொல்ற? நோன்புப் பெருநாள் பகல் சோத்துல எல்லாரும் இருக்கக்குள்ள அவரிட்ட கேட்டன், எனக்கு லைசன் எடுத்துத் தாங்க எண்டு. நீங்களும் இருந்தீங்க. என்ன சொன்னார்? வாப்பா கையில இருந்து என்ட கைக்கு வந்து இந்தக் காருல ஒரு கீறல் விழல்ல, பொம்புளக் கை பட்ட அண்டைக்கு இதுக்கு மௌத்துத்தான் எண்டார். எல்லாரும் சிரிச்சாங்க. அவர்ட மச்சான்மார் வயித்தப் புடிச்சிக்கு சிரிச்சாங்க.

— நான் சிரிக்கல்ல.

— நீங்களும் சிரிச்சீங்க.

— கொஞ்சம் சிரிச்ச. அவன் அண்டைக்கு இன்னொண்டும் சொன்னானே.

— ஓம், சொன்னார். ஒரு கீறல் விழாம ஓடிக் காட்டட்டும், நானே கூட்டிக்கு போய் லைசன் ட்ரயலுக்கு விடுறன் எண்டார். எல்லாருக்கும் முன்னால சொன்னார். அதப் புடிச்சிக்குத்தான் நான் ஓடுறன். வாற மாசம் அவர் முன்னால திறப்ப எடுத்துக்கு, நோன்புப் பெருநாள்ல இருந்து ஓடுறன், எங்க, கீறல் காட்டுங்க பாப்பம் எண்டு கேக்க இருந்தன். இனி எங்க கேக்கிற. வெள்ளிக்கிழமை எல்லாம் போச்சி. இத அவர் கண்டா திறப்பு அவர்ட மடியில ஏறும், ட்ரயலும் இல்ல ஒண்டுமில்ல. அடுத்த மழைக்கும் நான் புள்ளையத் தூக்கிக்கு இதே இடத்துல நிக்கணும்.

— அழாத புள்ள. கண்ணீர் பட்டாலும் அந்தப் பெயின்றுக்கு ஆகாதோ என்னமோ.

— ஆகாதுதான். தண்ணியும் ஆகாது.

— அப்ப மூக்க அங்கால திருப்பிச் சிந்து. வெள்ளிக்கிழமை என்ன நடந்த?

— வழமையா நம்மட பள்ளியில குத்பா நீளம். எனக்கு அந்த நீளம் போதும். அண்டைக்கு வெளியூர் மௌலவி ஒருவர் வந்திருக்கார், அவருக்கு பஸ் புடிக்கணுமாம். சுறுக்கா முடிச்சிட்டார். நான் மையவாடி திரும்பக்குள்ள பாக்கிறன், ரோட்டு முனையில வெள்ளைத் தொப்பி ஒண்டு. அதுக்குப் பின்னால பத்து. அதுக்குப் பின்னால ஊரே வருது. வல்லாஹி மதினி, என்ட ரூஹு போய் வந்திச்சி. எப்பிடி ஒழுங்கைக்குள்ள வந்தன் எண்டு தெரியா. வழமையா ஆறுதலா றிவேஸ் எடுத்துத்தான் உள்ள விடுற. அண்டைக்கு ஒரே இழுவை. கேற் தூண் பின்மூலையில ஒரு இழுப்பு இழுத்திச்சி. தகரம் தெரியுது. நல்ல காலம், அவர் அண்டைக்குப் பின்னேரமே கொழும்புக்கு பஸ் ஏறிட்டார்.

— அதுக்கு முந்தி ஒண்டும் படல்லையா?

— ஒரு இலை படல்ல. ஒருக்கா, ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முந்தின வெள்ளி, உள்ள விடக்குள்ள கிறீச்செண்டு ஒரு சத்தம் கேட்டிச்சி. முருங்கக் கொப்பாக்கும் எண்டு நினைச்சன். அவர் வாற நேரம், இறங்கிப் பாக்க நேரமில்ல. அடுத்தநாள் விடிய வந்து பாக்கிறன், ஒண்டுமில்ல. அல்லாஹ் காப்பாத்தினான். அவ்வளவு கவனமா ஓடின காரு.

— சரி, பட்டிச்சி. மிஹ்லார்ட கராச்சில விட்டிருந்தா அவன் அரை நாள்ல செஞ்சி தந்திருப்பானே.

— மிஹ்லார் காக்காவும் இவரும் ஒரே கோப்பையில தேத்தண்ணி குடிக்கிற ஆக்கள். கார் அங்க போய்ச் சேர முந்தி செய்தி கொழும்புக்குப் போயிரும். அதால நானே செய்வம் எண்டு சனிக்கிழமை ஹாட்வெயார்ல நீல ஸ்பிறே டின் ஒண்டு வாங்கினன். அம்ஹாட சைக்கிளுக்கு எண்டன். கொஞ்சம் உரஞ்சிற்று அடிச்சன். அடிச்ச உடன பெருநாள் உடுப்பு மாதிரி பளபளக்குது. நான் பெரிய ஆள் எண்டு தேத்தண்ணி ஊத்தப் போனன். கோப்பையோட வந்து பாக்கிறன், மூலை முழுக்கச் சுருங்கிக்கு கிடக்கு. காய்ச்சின பாலுல ஏடு சுருளுமே, அப்பிடி. விரல் வச்சா தோல் மாதிரி கையோட வருது. முதல் இருந்தது ஒரு கீறல். இப்ப கைப்பிடி அகலத்துக்குப் புண்.

— யா அல்லாஹ்.

— அதுக்குப் பொறகு வழி இல்ல, மிஹ்லார் காக்காவுக்குத்தான் போன் எடுத்தன். நற்பிட்டிமுனையில என்ட சாச்சி, உம்மாட தங்கச்சிர மகன்ட கார் எண்டு சொன்னன். என்ன கார் எண்டார், பழைய கார் எண்டன். என்ன நிறம் எண்டார், நீலம் எண்டன். பொறகு, ஆ, நற்பிட்டிமுனையில அப்பிடி ஒரு நீலக் கார் இரிக்கா எண்டு கேட்டுட்டு, இருமினார்.

— இருமினானா சிரிச்சானா?

— இருமல் எண்டுதான் நான் எடுத்த. ஆனா விசயத்த நல்லாச் சொன்னார். பழைய கார்ட உடம்புல ஒரு பெயின்ற் மட்டும் இரிக்காதாம். எத்தினை பேர் எந்தெந்தக் காலத்துல என்னென்னத்தப் பூசினாங்களோ, எல்லாம் ஒண்டுக்கு மேல ஒண்டு கிடக்குமாம். மேல அடிக்கிறது கீழ கிடக்கிறதோட ஒத்துப்போகாட்டி, கீழ உள்ளது இளகிப் பொங்கி மேல உள்ளதத் தூக்கி எறியுமாம். அதால எடுத்த எடுப்புல அடிக்கிற இல்ல, முதல்ல கேட்டுப் பாக்கணுமாம்.

— காரிட்டயா கேக்கிற?

— ஓம். பெயின்ற் இளக்கிற தின்னர்ல பஞ்ச நனைச்சி, கண்ணுல படாத இடத்துல கொஞ்ச நேரம் வச்சிப் புடிக்கணும். ஒண்டும் நடக்காட்டி அது கொம்பனியில சுட்டு எடுத்த பெயின்ற், பயமில்ல. இளகிச் சுருங்கினா ஆரோ எனாமல் பூசியிருக்கான், கதவு சன்னலுக்கு அடிக்கிறது. அது மேல காஞ்ச மாதிரி தெரியும், உள்ளுக்கு மாசக் கணக்கா ஈரம் கிடக்கும். அதுக்கு மேல ஸ்பிறே அடிச்சா சுருங்காம என்ன செய்யும்? அப்ப என்ன வழி எண்டு கேட்டன். இளகினது எல்லாத்தையும் சுரண்டி எடு, கல்லு மாதிரி இறுகின பெயின்ற் வரும் வரைக்கும் எடு. ஓரத்த விரலுக்குப் படி தெரியாம உரஞ்சு. சவுக்காரம் போட்டுக் கழுவிக் காயவிடு. அதுக்கு மேல சீலர் ஒரு பூச்சு மெல்லிசா அடி, கீழ உள்ளதும் மேல வாறதும் ஒண்டையொண்டு காணாம நடுவுல ஒரு திரை மாதிரி. அதுவும் காயணும். பொறகு நிறம். அதுவும் ஊத்தி அடிக்கிற இல்ல, அயன் பண்ணக்குள்ள உடுப்புக்குத் தண்ணி தெளிக்கிற மாதிரி, தெளிச்சி, பொறுத்து, தெளிச்சி, பொறுத்து.

— உனக்குப் பொறுமையா?

— அதத்தான் அவரும் கேட்டார். சாச்சிர மகனுக்குப் பொறுமை இரிக்கா தங்கச்சி எண்டு.

— சிரிச்சிருக்கான் புள்ள. அது இருமல் இல்ல.

— சும்மா இரிங்க மதினி. இப்பதான் கேக்க வேண்டிய கதை வருது. பஞ்ச எடுத்துக்கு போய் மற்றப் பக்கத்து மூலையில வச்சன், ஒண்டுமில்ல. பொனெற்றுக்கு உள்பக்கம் வச்சன், ஒண்டுமில்ல. எல்லாம் கொம்பனிப் பெயின்ற். இந்த மூலையில, புண்ணுக்குப் பக்கத்துல வச்சன். சுருங்கிச்சி. பஞ்செல்லாம் நீலம். பஞ்சக் கையில வச்சிக்கு நிமிந்து பாக்கிறன், முன்னால நம்மட கேற்.

— கேற்றுக்கு என்ன?

— நிறத்தப் பாருங்க.

— அது அவன் ஹஜ்ஜுப் பெருநாளைக்கு அடிச்ச பெயின்ற்தானே. நல்ல வடிவா... அடி ஆத்தே.

— விளங்கிச்சா? கேற்றுலயும் பஞ்ச வச்சிப் பாத்தன். அதே நீலம், அதே சுருக்கம். ஒரு டின்னுல இருந்து வந்ததுதான். இந்த மனிசன் கலியாணம் முடிச்சி வந்த நாள்ல இருந்து என்ட வாப்பா கட்டின மதிலுக்கு ஒரு சுண்ணாம்பு அடிச்சதில்ல. கேட்டா, வீடும் வளவும் உன்ட, இதுக்குள்ள எனக்கெண்டு இரிக்கிறது இந்தக் கார் மட்டுந்தான் எண்டு பகிடி விடுவார். அப்பிடிப்பட்ட ஆள் திடீரெண்டு பெருநாளைக்கு கேற்றுக்கு பெயின்ற் அடிக்கிறன் எண்டு நிண்டார். நானும் மாஷா அல்லாஹ் எண்டு இஞ்சித் தேத்தண்ணி ஊத்திக் குடுத்தன். இப்பதான் விளங்குது. காரக் கொண்டு போய் எங்கயோ உரசியிருக்கார். அத மறைக்கப் பெயின்ற் வேணும். பெயின்ற் டின் என்னத்துக்கு எண்டு நான் கேப்பன். அதால கேற் முழுக்க அடிச்சிருக்கார், அந்தளவு கள்ளன்.

— முனாபா? ஒரு கீறல் விழாத கை, என்ட தம்பி முனாபா?

— அவரேதான். பெருநாள் சோத்துல என்னப் பாத்துச் சிரிச்ச கை. மதினி, எனக்கு வெள்ளிக்கிழமை தொட்டு ஒரு சோறு இறங்கல்ல. இதக் கண்டு புடிச்ச பொறகு ரெண்டு கோப்பை திண்டன்.

— அதோட விட்டியா?

— எங்க விட்ட? மிஹ்லார் காக்கா சொன்ன மாதிரி கேற் நீலத்தச் சுரண்டினன். சுரண்டச் சுரண்ட கீழ இன்னொரு நீலம் வருது. இது வேற மாதிரி, கரும் நீலம். தின்னர் வச்சா அசையல்ல, கல்லு. பழசு. அதுக்குக் கீழதான் கொம்பனி நீலம். அப்ப மனிசன் ஒருக்கா இல்ல, ரெண்டு தரம் இடிச்சிருக்கார். ஒண்டு இப்ப, மற்றது எந்தக் காலத்துலயோ. வரட்டும். என்னப் புடிச்சாரெண்டா சோத்துக்கு முன்னால வைக்கிறன், ரெண்டு நீலத்தையும்.

— ரெண்டு நீலத்தையும் வைக்காத புள்ள.

— ஏன் வைக்கப்படாது? தம்பிக்கு வக்காலத்தா?

— வக்காலத்து இல்ல. மேல உள்ள நீலத்த வை, அவன்ட தலையில தேங்காய் உடைச்சாலும் எனக்கொண்டுமில்ல. கீழ உள்ளத வைக்காத.

— ஏன் மதினி? என்ன கீழ பாக்கிறீங்க?

— அது தோணிக்கு அடிக்கிற நீலம்.

— அது உங்களுக்கு எப்பிடித் தெரியும்?

— நான்தான் பூசின.

— நீங்களா?

— கத்தாத, அங்கால வீட்டுக்குக் கேக்கும். ஓம், நான்தான். எனக்கு இன்னம் கலியாணம் பேசல்ல அப்ப. பாண்டிருப்புல பூமணி எண்டு எனக்கொரு கூட்டாளி, பள்ளிக்கூடத்துல ஒரே வாங்குல இருந்த நாங்க. அவட அப்பாவுக்கு ரெண்டு தோணி. வெள்ளிக்கிழமை வாப்பா ஜும்மாவுக்குப் போனா, உம்மா உள்ள தொழுவா. நானும் பூமணியும் திறப்ப எடுத்துருவம். கடற்கரை ரோட்டால ஏறி...

— மையவாடிக்குப் பக்கத்தால திரும்பி.

— அதேதான். வேற எங்க போற, அந்த ஒரு ரோட்டுத்தானே பொம்புளைகளுக்கு விட்ட ரோட்டு. பூமணி கியர் மாத்துவா, நான் திருப்புவன். ரெண்டு பேருக்கும் சேத்து ஒரு றைவர்ட அறிவு இருந்திச்சி. ஒரு நாள் திரும்பி வந்து பின்னுக்கு எடுக்கக்குள்ள கிணத்துக் கட்டுல குத்தினன். இதே மூலைதான். பின்னுக்கு எடுக்கிற ஆக்களுக்கெல்லாம் இந்த மூலைலதான் என்னமோ இரிக்கு. பூமணி ஓட்டமா ஓடிப் போய் அவட அப்பாட தோணிப் பெயின்ற சிரட்டையில கொண்டு வந்தா. வேப்பங் குச்சியால பூசினம்.

— குச்சியாலயா? நான் இஞ்ச தும்பு படாம துணி தேடி அலையிறன்.

— நல்லாத்தான் இருந்திச்சி. வாப்பா ஒரு நாள் அந்த மூலையப் பாத்துக்கு நிண்டார். எனக்கு உயிர் இல்ல. பொறகு, வெயில்ல நிறம் மாறிற்று, ஒரு பக்கமா நிப்பாட்டக் கூடாது எண்டு சொல்லிக்கு போனார். அவ்வளவுதான்.

— அல்லாவே. இவ்வளவு காலமும் இத மறைச்சி வச்சிக்கு, என்னமோ நான்தான் உலகத்துல முதல்ல திறப்ப எடுத்த மாதிரி கேட்டுக்கு இருந்தீங்களே. அப்ப ஏன் நீங்க இண்டைக்கு ஓட்டோவுல வந்த? ஏன் விட்ட?

— அந்தக் கீறலக் கண்டு பயந்து போனன் புள்ள. பெயின்ற் பூசினாலும் எனக்குத் தெரியும்தானே கீழ என்ன கிடக்கெண்டு. ஒவ்வொரு நாளும் காலையில எழும்பினா அந்த மூலையத்தான் பாக்கிற. அடுத்த வெள்ளி பூமணி வந்து வேலிக்கு வெளிய நிண்டு கூப்பிட்டா, நான் தலையிடி எண்டன். அதுக்குப் பொறகு திறப்பத் தொடல்ல. தொட்டிருந்தா இண்டைக்கு நான் அக்கரைப்பத்து பஸ்ஸே ஓட்டியிருப்பன். அத நினைச்சா இன்னமும் கவலைதான்.

— இனித் தொடுங்க. வெள்ளிக்கிழமை வாங்க, ஏத்திக்கு போறன்.

— என்ட முழங்காலையும் கூட்டிக்கா? முதல்ல உன்ட மூலையப் பாரு. காஞ்சிட்டா?

— பாருங்க, கை வைக்காம. வெளிச்சத்துக்கு இந்தப் பக்கம் குனிஞ்சி பாருங்க.

— எங்க புள்ள அந்த இடம்?

— நீங்க பாத்துக்கு இரிக்கிற இடந்தான்.

— பொய் சொல்லாத. மெய்யாவா? ஒரு சுருக்கம் இல்ல, ஒரு குழி இல்ல. கொம்பனியில இருந்து இறக்கின மாதிரி கிடக்கு. இத அவன் கண்டுபுடிக்கமாட்டான். மணந்தான் காட்டிக் குடுக்கும். கருவாட்டப் பொரி, எல்லா மணமும் செத்துப் போகும்.

— அத நான் விடியவே யோசிச்ச. ஆனா பொரிக்கிற எண்ணெய்ப் புகை வந்து பெயின்றுல இருந்தா திரும்பவும் குழி விழும். இது தொட்டா ஒட்டாம காயும் வரைக்கும் அடுப்பு மூட்டல்ல. இப்ப சரி. நீங்க இந்தப் பேப்பரையும் டேப்பையும் சுருட்டிக் கோழிக்கூட்டுக்குப் பின்னால போடுங்க, நான் கட்டாக் கருவாட்டப் போடுறன்.

— போடு, போடு. அது சரி, பெற்றோல் குறைஞ்சத அவன் காணமாட்டானா? ஓடினா குறையுமே.

— அதுல மட்டும் அல்லாஹ் எனக்கு லேசாக்கி வச்சிருக்கான். மனிசன் வியாழன் பின்னேரம் காருக்கு பெற்றோல் அடிக்காம படுக்கமாட்டார். அதொரு பழக்கம்.

— அவன் கிழமை முழுக்க பைக்குலதானே திரியிறான்?

— நிண்ட காருக்கும் பசிக்குமாம். பாருங்க, எப்பிடிப்பட்ட பைத்தியம் எண்டு. இந்தா, ஓட்டோ சத்தம். மதினி, முகத்த நேரா வச்சிக்கு இரிங்க. சிரிச்சிராதீங்க.

— நான் எப்ப சிரிச்ச?

— அஸ்ஸலாமு அலைக்கும்.

— வஅலைக்கும் ஸலாம். வாங்க, வாங்க. இஞ்சேருங்க, உங்கட ராத்தாவும் வந்திருக்கா. நூல் எல்லாம் கிடைச்சா? களைச்சிப் போய் வந்திருக்கீங்க, உள்ள போங்க, கட்டாக் கருவாடு பொரிக்கிறன்.

— கருவாட்டு மணம் சந்தியிலயே வந்திச்சி. அதுக்குள்ள இன்னொரு மணமும் வந்திச்சி. நற்பிட்டிமுனைக் காருக்குப் பெயின்ற் காஞ்சிட்டா நதீரா?

— என்ன கார்?

— உன்ட சாச்சிர மகன்ட நீலக் கார். மிஹ்லார் சனிக்கிழமையே எனக்குப் போன் எடுத்துட்டான். உனக்குச் சாச்சியே இல்லையே எண்டு கேட்டு இருமினான்.

— சிரிச்சான் எண்டு நான் அப்பவே சொன்ன புள்ள.

— நீங்க பேசாம இரிங்க மதினி. ஓம், உங்கட கார்தான். நான்தான் ஓடின. வெள்ளிக்கிழமை நான்தான் இடிச்ச. ஒளிக்கல்ல, சொல்லிட்டன். திறப்ப எடுத்து மடியில வைக்கிறதெண்டா வைங்க. ஆனா வைக்க முந்தி உங்கட ராத்தாக்கு முன்னால ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுங்க. கேற்றுக்கு அடிச்ச நீலம் எப்பிடி இந்த மூலையில ஏறின?

— எந்த நீலம்?

— கேற் நீலம். நான் அடிச்ச பெயின்ற் ஏன் சுருங்கின எண்டு நினைக்கிறீங்க? கீழ நீங்க பூசின எனாமல் இன்னம் காயாமக் கிடந்திச்சி. தின்னர் பஞ்சு பொய் சொல்லாது. பூசின ஆரு?

— நான்தான் பூசின.

— கேட்டீங்களா மதினி, அவர்ட வாயாலயே வந்திச்சி. ஒரு கீறல் விழாத கை. பெருநாள் சோத்துல இத்தினை பேருக்கு முன்னால என்ன வச்சிச் சிரிச்சாரே, அந்தக் கை. இப்ப சொல்லுங்க, எங்க கொண்டு போய் உரசின?

— நான் உரசல்ல.

— பூசின நீங்க, உரசல்லையாம். வேற ஆரு வந்து உரசின?

— அண்டைக்கு எல்லாருக்கும் முன்னால சொல்லிட்டன், சொன்ன சொல்லத் திருப்பி விழுங்க எனக்கு வாய் வரல்ல. அவ்வளவுதான் என்ட பிழை. பொனெற்று வெள்ளிக்கிழமையில மட்டும் ஈரமா இரிக்கிறத நான் காணல்ல எண்டு நினைச்சியா?

— கதைய மாத்தாதீங்க. ஆரு உரசின?

— ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முந்தின வெள்ளி நீ மதிலோட இழுத்த கீறல் அது. இதே மூலையில ஒரு கீறலக் கண்டு ராத்தா திறப்பத் தொடாம விட்டத நான் சின்ன வயசுல பாத்தன், நீயும் விட்டுருவாய் எண்டு பயந்துதான் விடிய முந்தி பூசி மறைச்ச.